இழுத்தும் பிடிக்காத எஞ்சின்: வடமராட்சிக் கரையில் அன்றும் இன்றும்

கரவெட்டிக்குக் கடற்கரை கிடையாது. வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் வடக்கே சில கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. தெற்கே கிடப்பது ஆழமில்லாத நீரேரி. வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று தோட்டம் செய்து வாழ்ந்த ஊர் இது. ஆனாலும் கடலில் நின்றுபோன எஞ்சின்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டேதான் இருந்தன. அதற்குக் காரணம் எங்கள் கிணறுகள்.

துலா மிதித்து இறைத்த காலம் போய், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் தோட்டங்களுக்கு வந்தபோது, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இங்கே உருவாகின. அந்த மெசின் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகும். சூடு பிடித்த பிறகு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வள்ளத்தின் பின்னால் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சினும் அதே வழிதான். ஒன்றைத் திருத்தத் தெரிந்தவருக்கு மற்றதும் பிடிபட்டுவிட்டது. நெல்லியடிச் சந்தைக்கு மீன் வந்த வழியிலேயே சில நேரம் எஞ்சினும் வந்து இறங்கியது.

வடமராட்சிக் கரையின் கடந்த அறுபது எழுபது ஆண்டுக் கதையை, “எஞ்சின் ஏன் ஸ்ரார்ட் வரவில்லை?” என்ற ஒரே கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குரிய விடை ஒவ்வொரு காலத்திலும் வேறாக இருந்தது. விடையைத் தேடும் வழி மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

எஞ்சினுக்கு முந்திய கரை காற்றை நம்பிய கரை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. கப்பல் கட்டவும் ஓட்டவும் தெரிந்த கரை அது. ஆனால் அன்றாடத் தொழிலுக்குப் போன கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பாயும் சவளும்தான் துணை. சோளகம் எழும்பினால் ஒரு கணக்கு, வாடை வந்தால் வேறு கணக்கு. காற்று விழுந்தால் கை நோக வலித்துத்தான் கரை சேர வேண்டும்.

படகின் பின்னால் கொழுவும் எஞ்சினை 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்து பரப்பியவர் ஓலே எவின்றூட். நோர்வேயில் பிறந்தவர். 1950களில் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் இலங்கையில் சிறு மீன்பிடிக் கலங்களுக்கு எஞ்சின் பூட்டும் முயற்சிகளில் இறங்கியது. யமஹா தன் முதல் வெளியிணைப்பு எஞ்சினை 1960இல் வெளியிட்டது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் திட்டம், பிற்காலத்தில் கண்ணாடியிழைப் படகு கட்டும் தொழிலை யாழ்ப்பாணத்தில் வேரூன்றச் செய்தது. பதினெட்டடிப் பிளாஸ்ரிக் போட்டும் பின்னால் ஒரு ஜப்பான் எஞ்சினும் என்ற இன்றைய கரையின் தோற்றம் அப்படித்தான் உருவானது.

அந்த முதல் தலைமுறை எஞ்சின்கள் அடிக்கடி மக்கர் பண்ணின. தானாகச் சுருண்டு உள்ளே போகும் கயிறு எல்லாவற்றிலும் இருக்கவில்லை. சில எஞ்சினுக்கு ஒவ்வொரு முறையும் கயிற்றைக் கையால் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். பிளைவீலுக்குக் கீழே பொயின்ற் என்று இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கும். அவை தொட்டு விலகும் கணத்தில்தான் பிளக்குக்கு நெருப்பு போகும். உப்புக்காற்றுப் பட்டு முனை கறுத்தால் நெருப்பு இல்லை. இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நெருப்பு சோர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோளாறைப் பார்க்க முடிந்தது, தொட முடிந்தது. நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, தகட்டை வைத்து இடைவெளி பார்த்துப் பூட்டினால் எஞ்சின் பிடித்துவிடும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரும் அதைச் செய்யப் பழகியிருந்தார்.

பிறகு வந்த எஞ்சின்களில் பொயின்ற் இல்லை. அந்த வேலையை இலத்திரனியல் பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டது. எங்கள் கரையில் அதை சி.டி.ஐ. என்றே சொல்கிறார்கள். தேய்வதற்கு அதில் முனைகள் இல்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். போனால் திறந்து பார்க்க வழியில்லை, புதிது வாங்கத்தான் வேண்டும். பழுது குறைந்தது உண்மை. பழுது வந்தால் செலவு பெருத்ததும் உண்மை. அன்றைய எஞ்சினுக்கும் இன்றைய எஞ்சினுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன்.

கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் வாயைத்தான் திறப்பார். “ஓடிக்கொண்டிருக்கேக்க நிண்டதோ தம்பி, இல்லாட்டி விட்டுட்டு வந்து விடிய இழுக்கேக்க வரேல்லையோ?” இந்தக் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. நன்றாக ஓடி, ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல இளைத்து நின்றது என்றால், தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம். எண்ணெய் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வேண்டும், வராவிட்டால் எண்ணெய் இறங்காது. பட்டென்று வெட்டியது போல நின்றது என்றால் நெருப்புப் பக்கம் பார்க்க வேண்டும். விடிய இழுக்கும்போது வரவில்லை என்றால், முதல்நாள் எப்படி நிற்பாட்டினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அதனால்தான் பெற்றோலில் எழுப்பி, சூடு பிடித்த பிறகு மாற்றுகிறோம். நிற்பாட்டும்போதும் இதே ஒழுங்கு திருப்பி வர வேண்டும். கரை தெரிந்ததும் பெற்றோலுக்கு மாற்றி, கார்பரேற்றரில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட்டு அதன்பின் நிற்பாட்ட வேண்டும். மீன் இறக்கும் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிற்பாட்டிவிட்டுப் போனால், விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினின் வயிற்றில் குளிர்ந்த மண்ணெண்ணெய். கை விட்டுப்போகும்வரை இழுத்தாலும் வராது. கார்பரேற்றரின் அடித்திருகைக் கழற்றி அதை வடித்துவிட்டுப் பெற்றோல் விட்டால் வந்துவிடும். இறைப்பு மெசின் வைத்திருந்த கரவெட்டித் தோட்டக்காரர் எல்லோருக்கும் இது தண்ணீர்பட்ட பாடு.

கேள்வி முடிந்தபின் கை வேலை. பழையவர்கள் எண்ணெய், நெருப்பு, அமுக்கம் என்ற வரிசையில் போவார்கள். அதற்கும் முன்னால், எஞ்சினை வெட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்த ஒன்றைப் பாராமல் முழு எஞ்சினையும் கழற்றியவர்கள் உண்டு. குழாயில் உள்ள இறப்பர்ப் பம்பை அமத்தினால் சில தடவையில் அது கல்லுப்போல் இறுக வேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் குழாயின் மூட்டில் உள்ள இறப்பர் வளையம்தான் வெடித்திருக்கும்.

அடுத்தது பிளக். கழற்றி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள். முனை காய்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. ஈரமாக இருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது, நெருப்பு இல்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்து எஞ்சினை மூழ்கடித்துவிட்டார்கள். கரிபிடித்துக் கறுத்திருந்தால் கலவையில் ஓயில் கூடிவிட்டது, அல்லது எஞ்சின் சூடேற முன்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். ஓயில் குறைந்தால் வரும் கேடு பெரிது, பிஸ்ரனே இறுகிவிடும். பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 25 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு ஓயில் வேண்டும், பிந்தியவை பலவற்றுக்கு 50க்கு 1 போதும். எஞ்சின் மாறிய பிறகும் பழைய அளவிலேயே ஓயில் ஊற்றியவர்களின் பிளக்குகள்தான் அதிகம் கறுத்தன.

பிறகு பிளக்கை வயரில் பூட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் இரும்பில் முட்ட வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நீலநிறத்தில் சட்டென்று பாய்ந்தால் நல்ல நெருப்பு. மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் சோர்ந்த நெருப்பு. இதைச் செய்யும்போது பிளக்கை அதன் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, உள்ளேயிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். கடைசியாக அமுக்கம். பிளக் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு இழுத்தால் காற்று விரலைத் தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை என்றால் அது கரையில் தீரும் வேலை இல்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது, இந்த வரிசையே தலைகீழானது. எஞ்சின் நலமாக இருக்கும், பெற்றோல் இராது. பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். கிடைத்த மண்ணெண்ணெயும் அளந்து கிடைத்தது. வீதியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைப் பிளாஸ்ரிக் சூப்பியில் அடைத்து வைத்துக்கொண்டு, கார்பரேற்றருக்குள் சில துளி பீச்சி எழுப்பிவிட்டு, எழும்பியதும் மண்ணெண்ணெயில் பிடித்துக்கொள்வார்கள். கடலோரத்திலும் தோட்டத்திலும் பழகிய முறை அப்போது முழுக் குடாநாட்டுக்கும் பொதுவானது. அந்தச் சூப்பியை மருந்துக் குப்பி போலக் காத்தார்கள்.

கடலுக்குப் போகத் தடை, போனாலும் தூரக் கட்டுப்பாடு, எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. தொழில் படுத்துவிட்டது. ஆனால் எஞ்சின்களுக்கு வேறொரு வேலை வந்தது. ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்த அந்த ஆண்டுகளில் கிளாலி நீரேரிதான் குடாநாட்டு மக்களுக்கு வழி. இரவில், விளக்கில்லாமல், எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம் முன்னால் போக, கயிற்றில் பிணைத்த வள்ளங்கள் வரிசையாக அதன் பின்னால் போகும். நோயாளி, மாணவர், குழந்தை, பொதி எல்லாம் அதற்குள். 1993 ஜனவரி 2 இரவு கடற்படையின் தாக்குதலில் அந்த நீரில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தார்கள். நீரேரி நடுவில் முன்வள்ளத்தின் எஞ்சின் நின்றால் பின்னால் கட்டிய வள்ளங்கள் எல்லாம் நின்றன. இருட்டில், ரோர்ச் அடிக்காமல், விரலால் தடவிப் பிளக் மாற்றியவர்களின் கைத்திறன் பற்றி எந்தப் புத்தகத்திலும் விரிவாக எழுதப்பட்டதாக நான் காணவில்லை. எழுதப்பட வேண்டும்.

2004 டிசம்பர் 26, சுனாமி. மணற்காடு தொடங்கி உடுத்துறை, மருதங்கேணி, ஆழியவளை வரை வடமராட்சி கிழக்கைக் கடல் அள்ளியது. ஆட்களைத் தேடிய நாட்களில் எஞ்சினை யாரும் தேடவில்லை. தேடும் மனம் வந்தபோது எஞ்சின்கள் மணலுக்குள் கிடந்தன. உப்புநீரில் மூழ்கிய எஞ்சினுக்கு ஒரு விதி உண்டு. நீருக்குள் கிடக்கும்வரை அது மெதுவாகத்தான் கெடும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் துரு ஓடிப் பிடிக்கும். எடுத்த கையோடு நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே உள்ள தண்ணீரை இழுத்து வெளியேற்றி, ஓயில் விட்டு, சில மணித்தியாலத்துக்குள் ஓடவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் நன்னீருக்குள்ளேயே அமிழ்த்தி வைப்பது மேல். அந்தப் பேரழிவு நேரத்தில் இதற்கெல்லாம் யாருக்கு அவகாசம்? பெரும்பாலானவை இறுகிப்போயின.

அடுத்த ஆண்டு உதவி வந்தது. பல நிறுவனங்கள், பல நிறத்துப் படகுகள், பல மாதிரி எஞ்சின்கள். கடன்பட்டுக் கிடந்த தொழிலாளிக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எஞ்சினோடு உதிரிப்பாகம் வரவில்லை, பயிற்சியும் போதுமான அளவு வரவில்லை. ஒரு எஞ்சினை நிறுத்தி அதன் பாகத்தை இன்னொன்றுக்குப் பூட்டிச் சமாளித்தார்கள்.

இன்றைக்கு வருவோம். அமெரிக்கா 1996இல் கொண்டுவந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்து, பழைய மாதிரி டூ ஸ்ரோக் எஞ்சின்களை அங்கே ஓரங்கட்டிவிட்டன. அந்த நாட்டில் மெக்கானிக் மடிக்கணினியைச் செருகித்தான் பழுதைக் கேட்கிறார். எவின்றூட் எஞ்சின் செய்வதையே அதன் நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. எங்கள் கரையில் இன்றும் கயிறு இழுத்து எழுப்பும் டூ ஸ்ரோக்தான் அதிகம். பாரம் குறைவு, கழற்றிப் பூட்டுவது இலேசு. ஒரு வகையில் அன்றைய அறிவு இன்றும் செல்லுபடியாவதற்கு இதுவும் காரணம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் பழைய கதை வேறு உருவில் திரும்பி வந்தது. போர் இல்லை, தடை இல்லை, ஆனால் எண்ணெயும் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வெற்றுக் கானோடு வரிசையில் நின்றார்கள். அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. நாணயத்தின் பெறுமதி விழுந்ததால் பிளக்கிலிருந்து சி.டி.ஐ. வரை எல்லாம் விலையேறியது. அதன் பின்விளைவைப் பட்டறையில் பார்க்கலாம். மாற்ற வேண்டிய பாகத்தை மாற்றாமல் இழுத்துக்கொண்டு போகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் போலிப் பாகத்தைப் பூட்டுகிறார்கள். எண்ணெயைக் கிடைக்கும்போது வாங்கிக் கானில் சேர்த்து வைக்கிறார்கள். சேர்த்து வைத்த கானுக்குள் ஈரம் இறங்குகிறது.

எண்ணெயில் தண்ணீர்: இன்று எழும்பாத எஞ்சின்களில் பலவற்றின் குற்றவாளி இதுதான். தண்ணீர் பாரம் கூடியது, அடியில் போய்த் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கார்பரேற்றரின் அடித்திருகைக் கழற்றி வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, கொஞ்சம் விட்டுப் பார்த்தால், எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் இதைச் செய்து பாராமல் புதுப் பிளக், பிறகு புதுக் கொயில், பிறகு சி.டி.ஐ. என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டிக் கடனாளியானவர்களை எனக்குத் தெரியும். பாகத்தை மாற்றுவது வேறு, பழுதைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

அவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் போரோடு போனார்கள். ஒரு பகுதியினர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். தோட்டத்திலும் மின்சார மோட்டார் வந்துவிட்டதால், மண்ணெண்ணெய் மெசினோடு மல்லுக்கட்டி வளரும் பிள்ளைகள் கரவெட்டியில் இப்போது குறைவு. அந்தப் பழக்கம் எஞ்சின் அறிவின் பள்ளிக்கூடமாக இருந்தது. இளைய தலைமுறை கைப்பேசியில் காணொளி பார்த்துப் படிக்கிறது, அதில் குற்றம் இல்லை. ஆனால் காணொளியில் வரும் எஞ்சின் பெரும்பாலும் சுத்தமான பெற்றோலில் ஓடும் எஞ்சின். மண்ணெண்ணெயில் நிற்பாட்டிய எஞ்சின் விடியற்காலையில் ஏன் முரண்டுபிடிக்கிறது என்பதை அது சொல்லித்தராது.

இது பணத்தோடு நிற்கும் விடயமும் அல்ல. எஞ்சின் நின்று, காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டு போய், தமிழ்நாட்டின் கோடியக்கரைப் பக்கத்தில் கரையொதுங்கி அங்கே கைதான வடபகுதித் தொழிலாளர்களின் செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. இரவில் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் கடலில், எஞ்சின் பிடிக்காத சிறு படகு விலகவும் முடியாமல் நிற்கிறது. அன்று சவளும் பாயும் வள்ளத்தில் கிடந்தன. இன்றைய பிளாஸ்ரிக் போட் பலவற்றில் எஞ்சினை விட்டால் வேறு துணை இல்லை.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய மெக்கானிக்மார் இன்னும் சிலர் எம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, ஒரு பீப்பா நன்னீரும் ஒரு பழைய எஞ்சினும் வைத்து, இளைஞர்களுக்குப் பழுது கண்டுபிடிக்கும் முறையை வகுப்பாக நடத்துங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி, படத்தோடு சிறு கைநூலாக அச்சிட்டு ஒவ்வொரு வாடிக்கும் கொடுங்கள். தொழிலுக்குப் போகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: படகில் ஒரு பிளக் சாவி, ஒரு புதுப் பிளக், குழாய் மூட்டுக்கு ஒரு இறப்பர் வளையம், ஒரு சோடி சவள் எப்போதும் இருக்கட்டும். கரை தெரிந்ததும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிற்பாட்டுங்கள். எஞ்சினை நன்னீரில் ஓடவிட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.